மூன்று ஆண்டுகள் உடனிருந்தவர்

திருத்தூதர் புனித மத்தியா விழா மறையுரை



மாதாவின் வணக்க மாதமான மே மாதத்தில், 14-ஆம் நாளன்று, திருத்தூதர் புனித மத்தியாவின் விழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. அந்தோணியார் என்றால் நவநாள் உண்டு. சவேரியார், செபஸ்தியார் என்றால் கொடியேற்றமும் தேர்பவனியும் உண்டு. மத்தியாவுக்கு அப்படி எதையும் நாம் செய்வதில்லை. அவரை நாம் மறந்தே போகிறோம். அவர் வாழ்ந்த காலத்திலும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

நான்கு நற்செய்தி நூல்களையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்துப் பாருங்கள். மத்தியாவின் பெயர் ஓரிடத்திலும் வராது. மலைமேல் ஏறி இயேசு பன்னிருவரைத் தேர்ந்துகொண்டபோது அந்தப் பட்டியலில் அவர் இல்லை. தோற்றமாற்றத்தைக் கண்ட மூவரில் அவர் இல்லை. இறுதி இராவுணவில் ஆண்டவரோடு பந்தியமர்ந்த பன்னிருவரிலும் அவர் இல்லை.

ஆனால் இன்றைய முதல் வாசகம் என்ன சொல்கிறது? ஏறக்குறைய 120 பேர் கூடியிருக்கிறார்கள். யூதாசு விட்டுச்சென்ற இடம் காலியாகக் கிடக்கிறது. பேதுரு எழுந்து, அந்த இடத்துக்கு வரவேண்டியவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறார். குலம் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை, பேச்சுத்திறமையும் கேட்கவில்லை. யோவான் திருமுழுக்குக் கொடுத்த காலம் தொடங்கி ஆண்டவர் விண்ணேற்றமடைந்த நாள்வரை நம்மோடு கூடவே இருந்தவராக அவர் இருக்கவேண்டும் என்கிறார். கேட்டது அந்த ஒரே தகுதி: கூடவே இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால், யோர்தான் ஆற்றங்கரை தொடங்கி எல்லா நாளும் மத்தியா அங்கே இருந்திருக்கிறார். அதே வெயிலில் நடந்திருக்கிறார், அதே பசியை அறிந்திருக்கிறார். இயேசு அனுப்பிய எழுபத்திரண்டு பேரில் இவரும் ஒருவர் என்பது திருச்சபையின் பழைய மரபு. இயேசுவின் போதனை கடினமாக இருக்கிறது என்று பலர் விலகிப்போன நாளிலும் இவர் விலகவில்லை. பெயர் எழுதப்படாமலேயே மூன்று ஆண்டுகள் உடனிருந்தார். காலியிடம் வந்தபோது, அதற்கு ஆயத்தமாக இருந்தார்.

அன்பார்ந்தவர்களே, ஓசூரில் வாழ்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. 1970-களில் இங்கே சிப்காட் வந்தது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. ஊத்தங்கரையிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும், இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலையோரம் போய் நின்றுபாருங்கள். ஒரு கையில் டிபன் டப்பா, கழுத்தில் அடையாள அட்டை. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையில் பெர்மனென்ட் ஆனவர் எத்தனை பேர்? காண்ட்ராக்ட் ஆள், டிரெய்னி, அப்ரண்டீஸ் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? ஒரே இயந்திரத்தில், ஒரே வேலையைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்கிறார்கள். ஒருவர் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றவர் பெயர் காண்ட்ராக்டரின் பட்டியலில் இருக்கிறது. வருடம் முடிந்தால் இருப்போமா, போவோமா என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் பிடித்திருக்கிற பிள்ளைக்கு, மத்தியாவின் கதை இரண்டாயிரம் வருடத்துப் பழைய கதையாக இருக்கமுடியாது.

நமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம். 1997-இல் தர்மபுரி மறைமாவட்டம் உருவாகும்வரை நாமும் சேலம் மறைமாவட்டத்தின் பிள்ளைகள்தான். அந்த மாவட்டத்தில் சின்னப்பம்பட்டி என்றொரு ஊர். அப்பா தறியில் கூலி வேலை செய்தவர். அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்த வீட்டுப் பிள்ளைதான் தங்கராசு நடராஜன், கிரிக்கெட் வீரர்.

இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். ஊருக்கு ஊர் நடக்கும் டோர்னமெண்டுகளில் பந்து வீசினார். பிறகு சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கினார். 2015 ஜனவரியில் கொல்கத்தாவில், வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஆடினார். அந்த ஆட்டத்திலேயே, அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்ற சந்தேகம் எழுந்தது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. தெருவில் தானாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்த டிகிரிக் கணக்கையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? 23 வயதில், நாடு பார்க்கத் தொடங்கிய நேரத்தில், அவர் தன் கையைத் தானே மறுபடியும் பழக்கவேண்டி வந்தது. ஓடிவரும் ஓட்டம், தோள் திரும்பும் விதம், கை சுழலும் கோணம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றார். தமிழ்நாட்டு அணியின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் உடனிருந்து உதவினார்.

திரும்பி வந்தார். 2016-இல் டி.என்.பி.எல். போட்டிகளில் அவருடைய யார்க்கர் பந்துகளை எல்லோரும் பேசினார்கள். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆறு ஆட்டம் ஆடினார். பெரிதாக ஒன்றும் அமையவில்லை. அடுத்த வருடம் ஹைதராபாத் அணி 40 இலட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 ஆகிய இரண்டு சீசன்களிலும் அவருக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அணியின் சீருடை உண்டு, பயிற்சி உண்டு, பயணம் உண்டு. பதினொருவரில் பெயர் மட்டும் இல்லை. பிள்ளைகளே, இது உங்களுக்குப் புரியும்.

2020-இல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட் எடுத்தார். அந்த வருடக் கடைசியில் இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அவரையும் அழைத்துப்போனார்கள். எதற்காக? நெட் பௌலராக. நெட் பௌலரின் வேலை என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வலைக்குள் நிற்கும் பெரிய பேட்ஸ்மேன்களுக்கு அவர்கள் பயிற்சி எடுக்கும் நேரமெல்லாம் பந்து வீசவேண்டும். ஸ்டம்ப் பறந்தாலும் அது விக்கெட் கணக்கில் சேராது. கைதட்ட ஆள் இல்லை, ஸ்கோர் எழுத ஆள் இல்லை. போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து மறுபடியும் ஓடிவர வேண்டும். மற்றவர் நன்றாக ஆடுவதற்காகத் தன் உடம்பைத் தேய்க்கிற வேலை அது. ஐ.பி.எல். நடக்கும்போதே ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் துபாயிலிருந்து நேராக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார்.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக வீரர்கள் காயம்பட்டார்கள். டிசம்பர் 2-இல் கான்பெராவில் ஒருநாள் போட்டியில் நடராஜனை இறக்கினார்கள். டிசம்பர் 4-இல் இருபது ஓவர் போட்டி. 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் டெஸ்ட் போட்டி. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அந்த டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார்.

அதே நாளில், அதே மைதானத்தில், இன்னொரு தமிழ்நாட்டுப் பையனும் டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாகக் கால்வைத்தார். பெயர் வாஷிங்டன் சுந்தர். அவரும் டெஸ்ட் அணியில் எடுக்கப்பட்டவர் இல்லை. இருபது ஓவர் ஆட்டங்கள் முடிந்தபின் பயிற்சியில் பந்து வீசுவதற்காக அங்கேயே நிறுத்தப்பட்டவர். மூன்று ஆண்டுகளாக முதல்தரப் போட்டி எதுவும் ஆடியிராதவர். மூன்று விக்கெட் எடுத்தார். இந்தியா ஆறு விக்கெட் இழந்து தவித்த நேரத்தில், சர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினார். அவர் பங்குக்கு 62. ஜனவரி 19-இல் இந்தியா வென்றது. 1988-க்குப் பிறகு காபாவில் ஆஸ்திரேலியா தோற்ற முதல் டெஸ்ட் அது. அணி கோப்பையைக் கையில் வாங்கிய நேரத்தில், தலைவர் ரஹானே அதை நடராஜனிடம் கொடுத்துப் பிடிக்கச்சொன்னார்.

உழைத்தால் ஒருநாள் உயரலாம் என்பதோடு இந்தக் கதையை நான் முடித்துவிட்டால், அது பள்ளி ஆண்டுவிழாப் பேச்சாகப் போய்விடும். விசுவாசிகளாகிய நாம் இதில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு பிள்ளைகளும் வேறொரு மனிதரின் பெயரைச் சுமந்து நிற்கிறார்கள்.

நடராஜனின் ஊரில் ஜெயப்பிரகாஷ் என்றொரு அண்ணன் இருந்தார். டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த ஏழைப் பையனிடம் திறமை இருக்கிறது என்று முதலில் கண்டவர் அவர். சென்னைக்குப் போ என்று தள்ளியவர், செலவுக்கு வழிசெய்தவர், கூட நின்றவர் அவர். அந்த நன்றியை மறக்காமல் நடராஜன் ஐ.பி.எல். சீருடையில் ‘ஜே.பி. நட்டு’ என்று பெயர் போட்டுக்கொண்டு ஆடினார்.

வாஷிங்டன் என்ற பெயர் எப்படி வந்தது? திருவல்லிக்கேணியில் பி.டி. வாஷிங்டன் என்ற முன்னாள் இராணுவ வீரர் இருந்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த சுந்தர் என்ற ஏழைப் பையன் ஆடுவதைப் பார்த்து, அவனுக்குச் சீருடை வாங்கிக்கொடுத்தார், பள்ளிக் கட்டணம் கட்டினார், புத்தகம் வாங்கித்தந்தார், தன் சைக்கிளில் ஏற்றி மைதானத்துக்கு அழைத்துப்போனார். சுந்தர் இந்திய அணிக்கு வரவில்லை. 1999-இல் அந்தப் பெரியவர் இறந்துபோனார். கொஞ்ச நாளில் சுந்தருக்கு மகன் பிறந்தான். இந்துக் குடும்பத்தில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு, தனக்கு வாழ்வு கொடுத்தவரின் பெயரையே தகப்பன் வைத்தார். அந்தப் பெரியவர் கண்ணை மூடி இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, அவர் பெயர் காபா மைதானத்தின் ஸ்கோர் போர்டில் ஏறியது.

அன்பார்ந்தவர்களே, ஒருவர் கவனிக்கப்படாமல் இருந்த காலத்தில் அவரைக் கைவிடாமல் காப்பது, அவரைக் கண்ட ஒரு கண்தான். இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் அதைத்தான் சொல்கிறார். நாம் அவரைத் தேடித் தேர்ந்துகொள்ளவில்லை. அவர்தான் நம்மைத் தேர்ந்துகொண்டார். இனி நம்மைப் பணியாளர் என்று அழைக்கமாட்டேன், நண்பர் என்கிறேன் என்கிறார். 120 பேரும் அந்தக் காலியிடத்துக்குச் சீட்டுப் போடுவதற்கு முன் எல்லோருடைய உள்ளத்தையும் அறிகிற ஆண்டவரிடம்தான் செபித்தார்கள். மத்தியாவை மனிதர்கள் கண்டது அன்றுதான். ஆண்டவர் அவரை யோர்தான் கரையிலிருந்தே கண்டுகொண்டிருந்தார். இன்றைய பதிலுரைப் பாடலாகிய 113-ஆம் திருப்பாடலும் இதையே பாடுகிறது: உயரத்தில் வீற்றிருக்கும் கடவுள் குனிந்து பார்க்கிறார், புழுதியில் கிடக்கும் ஏழையைத் தூக்கி, உயர்ந்தோரோடு அமர்த்துகிறார்.

இப்போது, மத்தியாவோடு அந்த இடத்துக்கு நிறுத்தப்பட்ட யோசேப்பை மறந்துவிடக் கூடாது. பர்சபா என்றும் யுஸ்து என்றும் அழைக்கப்பட்டவர். மத்தியாவுக்கு இருந்த அதே தகுதி அவருக்கும் இருந்தது. அவரும் எல்லா நாளும் உடனிருந்தவர்தான். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. யோசேப்பின் குறையாக விவிலியம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனார் என்றும் சொல்லவில்லை. நம்மில் பலர் மத்தியா ஆவதில்லை, யோசேப்பு ஆகிறோம். பத்து வருடம் உழைத்தும் பெர்மனென்ட் ஆகாதவர்கள் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள். தேர்வு எழுதி எழுதி வயது தாண்டிப்போன பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்களிடம் வந்து, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் நிச்சயம் கிடைக்கும் என்று பொய் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் இல்லை. நடராஜனுக்கே அந்த ஒரு டெஸ்ட்டுக்குப் பிறகு இன்னொன்று அமையவில்லை. 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மீண்டும் எழுந்து வந்தார்; 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தார். இடம் வரும், போகும். அந்த இடத்தை வைத்து உங்கள் மதிப்பை அளக்காதீர்கள். சீட்டு விழாத யோசேப்பும் உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்தான்.

அதேபோல், பொறுமையைப் பற்றிய இந்தப் பேச்சை எந்த முதலாளியும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தகுதியுள்ள தொழிலாளியை வருடக்கணக்கில் வாசலிலேயே நிறுத்திவைப்பது இறைத்திட்டம் ஆகாது. கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே ஆண்டவரிடம் கூக்குரலிடும் என்று திருத்தூதர் யாக்கோபு எச்சரிக்கிறார். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளருக்காக எழுதிய சுற்றுமடல் முதல் இன்றுவரை, மனிதன் வேலைக்காகப் படைக்கப்படவில்லை, வேலை மனிதனுக்காக இருக்கிறது என்றே திருச்சபை கற்பிக்கிறது. இந்தப் பங்கில் மேற்பார்வையாளராக, மனிதவள அலுவலராக, காண்ட்ராக்டராக இருப்பவர்களே, பட்டியலில் பெயர் சேர்க்கும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. அதை நீதியோடு பிடியுங்கள்.

நம் பங்குக்கு நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. நம் அன்பியங்களில் எப்போதும் பேசுகிறவர்களே பேசுகிறார்கள், வாசிக்கிறவர்களே வாசிக்கிறார்கள். திருப்பலி முடிந்ததும் பாய் சுருட்டுகிற பையனின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஞாயிறுதோறும் கடைசி வரிசையில், தமிழ் புரியாமலேயே முழந்தாள்படியிட்டுச் செபிக்கிற ஜார்க்கண்ட் சகோதரர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? ஹாஸ்டலில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிற பெண்பிள்ளைகள் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள். பண்டிகை நாளில் எந்த வீட்டில் அவர்களுக்குச் சோறு?

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். திறமை இருந்தும் தள்ளிநிற்கிற ஒருவரை, அல்லது யாரும் கவனிக்காத ஒருவரை. பெயரைக் கேளுங்கள். வீட்டுக்கு அழையுங்கள். ஐ.டி.ஐ. கட்டணமோ, இரவு ஷிப்டு முடிந்து படிக்க ஓர் அறையோ, ஒரு ஜோடி ஷூவோ, உங்களால் எது முடியுமோ அதைச் செய்யுங்கள். சாதி பார்க்காதீர்கள், மதம் பார்க்காதீர்கள், தமிழா கன்னடமா தெலுங்கா என்று பார்க்காதீர்கள். பி.டி. வாஷிங்டன் அதையெல்லாம் பார்க்கவில்லை. அப்படிக் கண்டெடுக்கப்பட்டவர் பிறகு மற்றவரைக் கண்டெடுப்பார். நடராஜன் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஒருவரான பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதியாட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே நடராஜன் கட்டிய ஒரு மைதானம் திறக்கப்பட்டது. நிலைத்திருக்கும் கனி என்று ஆண்டவர் நற்செய்தியில் சொன்னது இதுபோன்றதைத்தான்.

காத்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. யாரும் பார்க்கவில்லை என்பதற்காக வேலையைக் குறைத்துச் செய்யாதீர்கள். நாசரேத்தில் மரவேலை செய்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அறியப்படாமல் வாழ்ந்தவரை நாம் ஆண்டவர் என்கிறோம். அந்த முப்பது ஆண்டுகளும் அவருடைய மீட்புப்பணியின் பகுதிதான். கற்றுக்கொள்ளுங்கள், உடம்பைப் பேணுங்கள், குடியைத் தள்ளிவையுங்கள், செபத்தை விடாதீர்கள். உரிமையைக் கேட்கவேண்டிய இடத்தில் தலைநிமிர்ந்து கேளுங்கள். இடம் காலியாகும் நாளில் நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.

சற்று நேரத்தில் இந்தப் பீடத்தைச் சுற்றி நிற்கப்போகிறோம். பெர்மனென்ட், காண்ட்ராக்ட் என்ற வேறுபாடு இந்தப் பந்தியில் இல்லை. எல்லோருக்கும் ஒரே அப்பம் பிட்கப்படுகிறது. இங்கே வாங்கிய அந்தச் சமத்துவத்தை நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது உங்களோடு கொண்டுபோங்கள். புனித மத்தியாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.